ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு

காற்புள்ளி என்றால்
காலில் வைக்கிற புள்ளியா டீச்சர்
என்று கேட்டவன் சொரிமுத்து.
கால் என்றால் நாலில் ஒன்று, என்றேன்.
முற்றுப்புள்ளிக்கு ஒரு முழு மூச்சு,
இதற்குக் கால் மூச்சு.
அப்போ அரைப்புள்ளி உண்டா, முக்காப்புள்ளி உண்டா
என்று சிரித்தார்கள்.
உண்டு என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

பலகையில் எழுதினேன்:
பேட்டை பத்தமடை சேரன்மகாதேவி வீரவநல்லூர் கல்லிடைக்குறிச்சி அம்பை
உலகநாதனின் அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர்.
அவன் எழுந்து
ஒரே மூச்சில் அம்பைக்குப் போய்ச் சேர்ந்தான்
காது சிவக்க.

"எல, வண்டி எங்கயும் நிக்கலயே,
எவன் இறங்குவான்?"
பின்வரிசையிலிருந்து வந்தாள் மாடத்தி.
சாக்பீஸைப் பிடுங்கி
ஊருக்கு ஊர் ஒரு வால் வைத்தாள்,
எங்கள் வீரவநல்லூருக்கு மட்டும் கொஞ்சம் பெரிசாக.
அம்பைக்குப் பின்னாலும் ஒன்று.
அங்கே எதுக்கு, வாக்கியம் முடிந்துவிட்டதே என்றேன்.
"பாபநாசம் போவும்லா டீச்சர்."
அழிக்க மனம் வரவில்லை.

அடுத்தது
சொரிமுத்து மாமா வீட்டுக்கு வா.
சொரிமுத்து, என்று நிறுத்தினால்
இவன் கிளம்ப வேண்டும், மாமா வீட்டுக்கு.
சொரிமுத்து மாமா, என்று நிறுத்தினால்
இவனே மாமா, யாரோ வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.
எங்கேயும் நிறுத்தாவிட்டால்
ஊரே வரும், இவன் மாமாவாக இருக்கிற வீட்டுக்கு.
அன்று மணி அடிக்கும்வரை
அவன் மாமாவாகவே இருந்தான்,
சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு,
சத்துணவு வரிசையில் இரண்டு பேருக்கு வழிவிட்டு.

வெள்ளிக்கிழமை கடிதப் பயிற்சி.
வெளியூரில் இருக்கும் உறவினருக்கு எழுதுக.
நாற்பத்திரண்டு நோட்டு,
நாற்பத்திரண்டு 'நலம் நலமறிய ஆவல்'.
இரண்டு நலத்துக்கும் இடையே
சிவப்பு மையில் வால் வைத்து வைத்து
விரல் வலித்தது.

பேராச்சி மேசைக்கு அருகில் வந்து நின்றாள்.
அவள் அப்பா புனலூரில் டீக்கடையில் இருக்கிறார்,
போன ஆடியிலிருந்து.
நோட்டில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து
"இதுக்கு எங்க போடணும்?" என்றாள்.

வீட்டில் சண்டை இல்லை இனி வாருங்கள்

'இல்லை'க்குப் பின் போடலாம்:
சண்டை இல்லை.
அது நடப்பு. யாரும் பார்த்துக்கொள்ளலாம்.
'இனி'க்குப் பின் போடலாம்:
சண்டை இல்லை இனி.
அது வாக்கு. யாராவது கொடுக்க வேண்டும்.
விதிகளை மனதுக்குள் ஓட்டினேன்,
பெயர்களை அடுக்கும்போது, ஒருவரை விளிக்கும்போது,
எச்சம் முடியும்போது.
அந்த இரண்டெழுத்து
முன்வீட்டுப் பிள்ளையா பின்வீட்டுப் பிள்ளையா என்று
புத்தகத்தில் இல்லை.

"அம்மாட்டக் கேட்டியா?"
தலையை ஆட்டினாள்.
ஆமென்றும் இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம்.
என் பேனா தாளுக்கு ஒரு நூல் மேலே நின்றது.
வெளியே அம்பை வண்டி வந்து நின்று
விசிலடித்துப் போனது.
"நீயே போடு பேராச்சி," என்றேன்,
"ரெண்டும் சரிதான்."
அப்படிச் சொல்லக்கூடாது டீச்சர்
என்பதுபோல் பார்த்தாள்.

திங்கட்கிழமை எல்லா நோட்டிலும் காற்புள்ளி,
வெல்லம் கண்ட எறும்பாக.
சொல்லுக்குச் சொல், சில இடத்தில் எழுத்துக்கு எழுத்து.
சொரி, முத்து என்று
தன் பெயருக்குள்ளேயே ஒன்று வைத்திருந்தான் மாமா.
திருத்தத் திருத்த மை தீர்ந்தது.

பேராச்சியின் நோட்டு அடியில் இருந்தது.
கடிதம் எழுதிய பக்கம் இல்லை.
அடிஸ்கேல் வைத்து நேராகக் கிழித்த ஓரம் மட்டும்
தையலில் மிச்சம்.
எங்கே போட்டாள் என்று கேட்கவில்லை.
மதிப்பெண் இடத்தில்
என்ன போடுவதென்று தெரியாமல்
தேதியை எழுதினேன்,